துவால் வம்சத்துக் கஞ்சி

கோயிலில் கல்யாண ஓலை வாசித்தால் முதல் ஞாயிறு பெண் வீட்டுக்குச் சந்தோஷம், இரண்டாம் ஞாயிறு தெருவுக்குச் சந்தோஷம், மூன்றாம் ஞாயிறு யாருக்காவது வயிற்றெரிச்சல் என்று மைசூர் சூசையப்பர் கோயில் சனங்களிடம் ஒரு பேச்சு உண்டு. சலேத்தம்மா வீட்டு ஓலைக்கு வயிற்றெரிச்சல் முதல் ஞாயிறே வந்துவிட்டது.

இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் மெய்விவாகம் நடக்க இருக்கிறது, விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள் என்று மஸ்கரேனஸ் சாமியார் பூசை நடுவில் வாசித்தார். அவருக்குச் சொந்த ஊர் மங்களூர்ப் பக்கம். அவர் வாசிக்கும் தமிழில் 'கடவார்கள்' என்பது யாரையோ கடிப்பதுபோல் கேட்கும். பெண், ஜட்கா வண்டிக்கார அருளப்பன் மகள் லீலா. மாப்பிள்ளை, ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் பெனெடிக்ட் துவால். துவால் என்ற பெயர் வந்ததும் பெண்கள் பக்கத்தில் நாலைந்து முக்காடுகள் ஒரே சமயத்தில் திரும்பின. முன்வரிசையில் பித்தளைத் தகடு அடித்த சொந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா மட்டும் திரும்பவில்லை. கழுத்து திரும்பாதபடி காலர் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் அவர் கடுதாசி சாமியார் மேஜைக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அது தெருவுக்கு வந்துவிட்டது. கடுதாசியில் இப்படி எழுதியிருந்தது:

'மேற்படி பெண்ணின் தாயாரைப் பெற்ற சவரிமுத்து என்பவர் தகப்பன் பெயர் அறியப்படாத அநாமதேயமாவார். வம்சம் தெரியாதவர் யாருக்கு இரத்த உறவு, யாருக்கு இல்லை என்று எவரும் நிச்சயிக்க இயலாதாகையால், கோயிலின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைத் திறந்து பரிசோதித்து, அதுவரை மேற்படி விவாகத்தை நிறுத்தி வைக்கும்படி தாழ்மையுடன் கோருகிறேன். இப்படிக்கு, பி. எல். துவால், தலைமைக் குமாஸ்தா (ஓய்வு), ஸ்ரீரங்கப்பட்டணம் தளபதி துவால் அவர்களின் நேர் வாரிசு.'

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பேர் இராயப்பன். அது பீட்டர் ஆகி, பீட்டர் பி ஆகி, கடைசியில் தெருவில் 'துவால் தொரை' ஆகி நின்றது. வெள்ளைக்காரன் தேசத்தை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. துவால் தொரையின் தலையைவிட்டு சோலா தொப்பி போகவில்லை.

சலேத்தம்மா அந்தக் கடுதாசியைக் காதால் கேட்டபோது ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். தேவராஜ மொஹல்லாவின் பின்பக்கம், மார்க்கெட்டுக்கு வருகிற மல்லிகைக் கூடைகள் இறங்கும் சந்தில் அவள் வீடு. முன்னறை முழுக்கப் பத்தி. கரித்தூளும் பசைப்பட்டைத் தூளும் தண்ணீர் விட்டுப் பிசைந்த கருப்பு மாவில் சிட்டிகை கிள்ளி, பலகையில் மூங்கில் குச்சியை வைத்து, உள்ளங்கையால் ஒரே ஓட்டு ஓட்டினால் ஒரு பத்தி. மணம் சேர்ப்பதெல்லாம் காண்ட்ராக்டர் கொட்டகையில். இவளிடமிருந்து போவது வாசனை இல்லாத கருப்புக் குச்சிதான். ஊர் உலகத்துச் சாமிகளுக்கெல்லாம் அவள் உருட்டியது புகையும். அவள் சாமிக்கு மட்டும் சாம்பிராணி வேறு கடை. கையில் ஏறிய கரி எந்தச் சோப்புக்கும் இறங்குவதில்லை. பாவசங்கீர்த்தனம் பண்ணி ஆத்துமம் வெளுத்துத் திரும்பினாலும் கை கருப்பாகவே திரும்பும்.

"அநாமதேயம்னா என்னா?" என்று கேட்டாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த லீலா குனிந்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக் கெம்பம்மாதான் சொன்னாள். அவளும் பத்திக்காரி. தமிழ் பாதி, கன்னடம் பாதி பேசுவாள்.

"ஹெசரு இல்லாதவன். பேர் இல்லாதவன்னு அர்த்த."

"எங்கப்பனுக்கா பேர் இல்ல? இந்த ஊர்ல அவர் ஜட்காவுல ஏறாத கால் உண்டா? சவரிமுத்து வண்டின்னா குதிரைகூடத் திரும்பிப் பாக்கும்."

"குதிரைக்குத் தெரியும். அந்த தொப்பிக்குத் தெரியாதே."

ஜூன் மாசத்துச் சாரல் பிடித்திருந்தது. மைசூர்ச் சாரலுக்குப் பெய்யவும் தெரியாது, விடவும் தெரியாது. உருட்டிய பத்தி காயாமல் வெள்ளைப் பூஞ்சை பூத்தது. அடுப்படியில் கயிறு கட்டி முறத்தில் பரப்பிக் காயவைத்ததில் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அந்த வேளை பார்த்துத்தான் புதன்கிழமை சாயந்திரம் துவால் தொரை நேரில் வந்தார். பின்னால் ஒரு கூலியாள், தலையில் கோணி போர்த்திய பெரிய பலகை.

"நான் உட்கார வரவில்லை" என்றார்.

"உட்கார இடமும் இல்லீங்க. பத்தி காயுது."

"உன்னிடம் மரியாதையாகப் பேசிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். பெனெடிக்ட் சின்னப் பையன்."

"இருவத்தஞ்சு வயசாச்சே. ரயில் இஞ்சினைப் பிரிச்சுப் பூட்டுறாரு."

"இந்தச் சந்துக்கு அவன் ஏன் வந்தான்?"

"எங்க வண்டிச் சக்கரத்துல இரும்புப் பட்டா கழண்டுபோச்சு, அடிச்சுக் குடுக்க வந்தாரு. அடிச்சுக் குடுத்தாரு. அப்புறம் மூணு மாசம் அந்தப் பட்டா சரியா இருக்கான்னு பாக்க வந்தாரு."

அடுப்படியில் லீலா இருமினாள். துவால் தொரை கூலியாளுக்குக் கண் காட்டினார். கோணி விலகியது.

பலகையில் ஒரு மரம். சயன்போர்டு பெயிண்டர் ஒருவன் எனாமல் பெயிண்டில் எழுதியது. மரத்தின் அடியில், வேர் இருக்கவேண்டிய இடத்தில், மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் வாளோடு நின்றார். பெயிண்டர் தன் வாழ்நாளில் பார்த்த ஒரே பெரிய மீசை சர்க்கஸ் மேனேஜருடையது என்பது பார்த்ததும் தெரிந்தது. அவருக்கு மேலே இரண்டு இலை வெறுமையாக இருந்தன. அதற்கு மேல் 'லூயி துவால்'. அதற்கும் மேல், எல்லாரையும்விடப் பெரிய எழுத்தில், பி. எல். துவால்.

"இது எங்கள் வம்சாவளி. திப்பு சுல்தானிடம் பிரெஞ்சுப் படை இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில். கேள்விப்பட்டிருக்கிறாயா?"

"ஸ்ரீரங்கப்பட்டணம் தெரியும். எங்க வீட்டுக்காரரு குதிரைக்குப் புல்லு அங்கதான் வாங்குவாரு."

"அந்தப் படைக்குத் தளபதி துவால். அவர் வம்சம் நாங்கள்."

"இந்த ரெண்டு இலை ஏன் காலியா இருக்கு?"

"ஆராய்ச்சியில் இருக்கிறது." அவர் குரலைச் செருமிக்கொண்டார். "காகிதம் மட்டுமா சாட்சி? இரத்தம் சாட்சி. என் தகப்பனார் லூயி, ஒரு ஐரோப்பியக் கனவான் பங்களாவில், அவர் குடும்ப நண்பரைப் போல இருந்தார்."

அந்தப் பங்களாவில் லூயி சமையல்காரர் என்பது மார்க்கெட்டில் ஆட்டுத்தொடை வெட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். சலேத்தம்மா பத்தியை உருட்டினாள்.

"அவர் பழக்கவழக்கம் எல்லாம் அசல் பிரெஞ்சு. சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, விரலால் அலம்பி, அந்தத் தண்ணீரையும் அருந்துவார். படுக்கப் போகும்போது தலையணைக்கு அடியில் ஒரு துண்டு ரொட்டி. ஒரு ராத்திரி தவறினது கிடையாது. சாகிற அன்றைக்கும் தலையணைக்கு அடியில் ரொட்டி இருந்தது. பிரபுக்கள் வழக்கம் அது. இந்தத் தெருவில் யாருக்காவது உண்டா?"

சலேத்தம்மாவின் உள்ளங்கை பலகையிலேயே நின்றுவிட்டது. குச்சியில் மாவு ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் வெளிறிப்போயிற்று. இருபது வருஷத்தில் அவள் கெடுத்த முதல் பத்தி அதுவாகத்தான் இருக்கும்.

அவள் அப்பன் சவரிமுத்துவின் தலையணைக்கு அடியில் ஒரு ராகிக்களி உருண்டை, துணியில் சுற்றி, தினம் இருக்கும். எறும்பு மொய்க்குது என்று அம்மா கத்துவாள். விடிந்ததும் அதைக் குதிரைக்குப் போட்டுவிட்டு ராத்திரி புது உருண்டை வைப்பார். தட்டை அலம்பிக் குடிப்பதைப் பார்த்துச் சின்ன வயசில் அவள் சிரித்தபோது, அப்பன் சிரிக்காமல் சொன்ன வார்த்தை இப்போது காதில் கேட்டது: "நாங்க தொட்டிப் புள்ளைங்க, தாயி. கஞ்சித் தொட்டியில கடைசிச் சொட்டு யாருக்கோ, அவன்தான் மறுநாள் எந்திரிப்பான்."

"இந்தக் கல்யாணத்தை நீயே வேண்டாம் என்று சொல்லிவிடு" என்று துவால் தொரை சொல்லிக்கொண்டிருந்தார். "உன் பெண்ணுக்குக் கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலைக்கு நான் சொல்கிறேன்."

"எம்பொண்ணுக்கு எங்க வேலைன்னு எனக்குத் தெரியும்ங்க. உங்க கடுதாசியில பழைய புக்கைத் தொறக்கணும்னு எழுதியிருக்கீங்கல்ல?"

"ஆமாம்."

"நானும் அதையேதான் கேக்கப்போறேன். தொறக்கட்டும். ஒரு பக்கம் விடாம தொறக்கட்டும்." கெட்டுப்போன பத்தியை மாவோடு சேர்த்துப் பிசைந்தாள். "பலகை நல்ல பலகைங்க. வழவழன்னு இருக்கு. பத்தி உருட்டலாம்."

அவர் போனதும் கெம்பம்மா சுவரோரம் எட்டிப் பார்த்தாள். "ஏனு அந்த்தே? என்னவாம்?"

"அவங்கப்பனும் தலையணைக்கு அடியில ரொட்டி வெச்சானாம். பிரெஞ்சு வழக்கமாம்."

"அப்போ உங்கப்பனும் பிரெஞ்சா?"

"அதைத்தான் பாக்கப்போறேன்" என்றாள் சலேத்தம்மா.

இரண்டாம் ஞாயிறு ஓலை வாசித்துவிட்டு, விக்கினம் விசாரணையில் இருக்கிறது என்று சாமியார் சேர்த்துச் சொன்னார். தெருவுக்குச் சந்தோஷம். பூசை முடிந்து வெளியே வந்ததும் சலேத்தம்மாவைச் சுற்றி அனுதாபம் மொய்த்தது. "பாவம், பொண்ணு மொகம் வாடிடுச்சு" என்றாள் ஒருத்தி. "வாடல, சாரல்ல நனைஞ்சுடுச்சு" என்று சொல்லிவிட்டுச் சலேத்தம்மா நடந்தாள்.

மறுநாள் அருளப்பன் வண்டி கட்டினான். பேசுகிற வேலையைக் குதிரையிடமும் பெண்சாதியிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டவன் அவன். சாமியார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நானும் வரட்டுமா?" என்று கேட்டான்.

"வா. எங்கப்பனைப் பாக்கப் போறோம். மருமகன் வரவேணாமா?"

உள்ளே துவால் தொரை ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். பலகையும் வந்திருந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த தளபதி, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பாப்பரசரை முறைத்துக்கொண்டிருந்தார்.

சாமியார் இரும்பு அலமாரியிலிருந்து எடுத்த புத்தகத்தின் தோல் அட்டை கருவாடுபோல் சுருண்டிருந்தது. ஊதினார். தூசி கிளம்பி எல்லாரும் தும்மினார்கள். துவால் தொரை மட்டும் கைக்குட்டைக்குள் தும்மினார்.

"இது லத்தீன்" என்றார் சாமியார். "நான் படிச்சு தமிழ்ல சொல்றேன். தப்பு இருந்தா லத்தீன் மேல ஹாக்கி, போட்டுடுங்க. சவரிமுத்துக்கு வயசு எஷ்டு, செத்தப்போ?"

"அறுவத்தெட்டுன்னு சொன்னாங்க, சாமி. செத்து பதிமூணு வருஷம் ஆச்சு. தாது வருஷத்துப் பஞ்சத்துல தனக்கு அஞ்சு வயசுன்னு சொல்வாரு."

"அப்போ ஆயிரத்தெண்ணூத்தி எழுபத்தேழு." பக்கங்கள் புரண்டன. மெல்லிய பக்கங்கள், ஒரு நாளைக்கு மூன்று ஞானஸ்நானம், இரண்டு ஞானஸ்நானம். பிறகு ஒரு பக்கத்தில் சாமியார் விரல் நின்றது. "அய்யோ தேவரே. ஒரே நாள். நாப்பத்திரண்டு பிள்ளைங்க."

எழுத்து அவசரத்தில் சாய்ந்திருந்தது. பல பெயர்களுக்கு ஓரத்தில் சின்னச் சிலுவை போட்டு இன்னொரு தேதி. அது என்ன என்று சலேத்தம்மா கேட்டாள். "செத்த தேதி" என்றார் சாமியார். ஞானஸ்நானத்துக்கு மறுநாள், மூன்றாம் நாள், அதே நாள். அந்தப் பக்கத்தில் சிலுவை இல்லாத பெயர்களைத்தான் எண்ண வேண்டியிருந்தது.

"முப்பத்தொண்ணு" என்று வாசித்தார் சாமியார். "சவரியார். ஆண் பிள்ளை. வயசு சுமாரா அஞ்சு. தாய் தகப்பன் தெரியாது. கொள்ளேகால் ரோட்டோரத்துல எடுத்தது. கஞ்சித் தொட்டிக்குக் கொண்டுவந்தாங்க…" குனிந்து பார்த்தார். "சவரியார் துவால்."

துவால் தொரை எழுந்துவிட்டார். "என்ன அநியாயம்! எங்கள் பேரைத் திருடியிருக்கிறார்கள்!"

"அஞ்சு வயசுலயா?" என்றாள் சலேத்தம்மா.

"குந்துக்கோங்க மிஸ்டர் துவால். இன்னும் இருக்கு." சாமியாரின் விரல் ஒரு வரி மேலே போயிற்று. அங்கேயே ரொம்ப நேரம் நின்றது. "முப்பது. லூயி துவால். ஆண் பிள்ளை. வயசு சுமாரா நாலு. தாய் தகப்பன் தெரியாது. கொள்ளேகால் ரோடு. தொட்டிக்குக் கொண்டுவந்தாங்க."

வெளியே குதிரை கனைத்தது.

"அது வேறு லூயி" என்றார் துவால் தொரை.

"ஓரத்துல கல்யாணமும் எழுதியிருக்கு. பெண்டாட்டி மரி மதலேன். உங்க அம்மா பேரு?"

அவர் கண் பலகையில் 'லூயி துவால்' என்ற எழுத்துக்குப் போயிற்று. சாமியார் மறுபடி கேட்கவில்லை. புத்தகத்தின் முதல் ஏட்டைத் திருப்பினார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சாமியார் தன் கையால் ஒரு குறிப்பு எழுதி ஒட்டியிருந்தார். எங்கள் தேசத்திலிருந்து தர்மம் அனுப்பியவர்களின் பெயர்களை, அந்தந்தப் பணத்தில் கஞ்சி குடித்த பிள்ளைகளுக்குச் சூட்டியிருக்கிறேன்; உதவி செய்தவர்களுக்கு வேறு என்னத்தைத் திருப்பித் தர என்னிடம் இருக்கிறது என்று அதில் இருந்தது. கீழே ஒரு ஜாபிதா. சாமியார் விரலை ஓட்டி நிறுத்தினார்.

"துவால். லியோன் பட்டணம். சட்டைப் பித்தான் வியாபாரி. எட்டுப் பிள்ளைங்களுக்கு."

துவால் தொரையின் கை தன்னையறியாமல் கோட்டுப் பித்தானைத் தொட்டது.

சலேத்தம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. அவளுக்கு ஆறு வயசு இருக்கும்போது, அப்பன் வண்டியில் முன்னால் உட்கார்ந்து போவாள். மாசத்தில் ஒரு நாள் ஒரு பங்களாவின் பின்வாசலில் வண்டி நிற்கும். வெள்ளை உடுப்புப் போட்ட சமையல்காரர் ஒருவர் வாழையிலைப் பொட்டலத்தோடு வருவார். இரண்டு பேரும் நின்றபடியே பங்கு போட்டுத் தின்பார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இலையை இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு பாதி வழித்து நக்குவார்கள். யாரப்பா அது என்று கேட்டால், "முப்பது" என்பார் அப்பன். அது அந்தப் பங்களாவின் கதவு நம்பர் என்றே அவள் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்று துவால் தொரை திடீரென்று கையை உயர்த்தினார். "பித்தான்காரன் இருக்கட்டும். அவன் வேறு துவால். தளபதியின் வாரிசுகள் பஞ்சத்தில் சிதறியிருக்கலாம் அல்லவா? ரோட்டில் கிடைத்தால் இரத்தம் மாறிவிடுமா? லூயி தளபதியின் கொள்ளுப்பேரன். அதனால்தான் அந்தப் பெயர்!"

"அப்போ முப்பத்தொண்ணு?" என்றார் சாமியார்.

"என்ன முப்பத்தொண்ணு?"

"ஒரே ரோடு, ஒரே நாள், ஒரே பேரு. பெயர் ரத்தத்துல வந்ததுன்னு நீங்க சொன்னா, லூயியும் சவரிமுத்துவும் அண்ணன் தம்பி. அப்போ பெனெடிக்டும் லீலாவும் மூணாம் தலைமுறை இரத்த உறவு. அது விக்கினம்தான். மேற்றிராணியாருக்கு, பிஷப்புக்கு, எழுதி உத்தரவு வாங்கணும்."

துவால் தொரையின் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "அப்படியானால் கல்யாணம் நிற்கும்!"

"நிக்காதுங்க" என்றாள் சலேத்தம்மா. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். "எங்கப்பனும் உங்கப்பனும் அண்ணன் தம்பின்னா, நீங்க எனக்கு அண்ணன். உங்க மகனுக்கு எம்மக அத்தை மக. முறைப்பொண்ணு. நானே பெரியவர் கால்ல விழுந்து உத்தரவு வாங்கியாறேன். இத்தனை வருஷமா ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு தங்கச்சிக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்தீங்களா, அண்ணா? ஒரு திருநாளைக்குக் கூப்பிட்டீங்களா?"

அருளப்பன் இருமினான். அது சிரிப்பு.

"அண்ணன் தம்பி இல்லேன்னா, ரெண்டு பேரும் தொட்டிப் புள்ளைங்க. ஒரு விக்கினமும் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலை. நீங்க எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான். தளபதி வேணுமா, கஞ்சி வேணுமா? சாமி, பேனாவை எடுங்க. எழுதிக்கிடுங்க."

சாமியார் உண்மையிலேயே பேனாவை எடுத்து மசியில் தொட்டுவிட்டார். மசி ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. துவால் தொரை தொப்பியை எடுத்தார், மாட்டினார், பலகையை மறந்துவிட்டு வெளியே போனார். ஒரு நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து பலகையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். வாசற்படியில் தளபதியின் வாள் இடித்தது.

அந்த வாரம் பட்டறையிலிருந்து நேரே வந்த பெனெடிக்ட், எண்ணெய்க் கையோடு பத்திக்கு நடுவில் குந்தினான். "அத்தே, கோயில்ல எங்க தாத்தா நம்பரைச் சொல்லிடாதீங்க. அப்பா வீட்டுல ரெண்டு நாளா பேசல. தாத்தா படத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

"உங்க தாத்தா நம்பரை நான் ஏன் சொல்லணும்? அது உங்கப்பன் வாயால வரணும். எங்கப்பனை அவர் அநாமதேயம்னு எழுதினாரு. அதை ஊரே படிச்சிருச்சு. எங்கப்பன் நம்பரை நான் சொல்லுவேன். அதுக்கு யாரு உத்தரவும் வேணாம்."

"கோயில்ல பொம்பளைங்க பேசக்கூடாதேம்மா" என்றாள் லீலா.

"விக்கினம் அறிஞ்சவங்க சொல்லணும்னுதானே ஓலையில இருக்கு? ஆம்பளை அறிஞ்சா மட்டும்னு எங்க இருக்கு?"

மூன்றாம் ஞாயிறு மழை வலுத்தது. கோயில் முழுக்க ஈரக் குடையின் வாசம். சாமியார் ஓலையை வாசித்து, விக்கினம் அறிந்தவர்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, பெண்கள் பக்கம் தரையிலிருந்து சலேத்தம்மா எழுந்தாள். கருப்புக் கை முக்காட்டைப் பிடித்திருந்தது.

"சாமி, பொண்ணோட அம்மா நானு. எங்கப்பன் பேரு சவரிமுத்து. புக்குல நம்பர் முப்பத்தொண்ணு. தாது வருஷத்துப் பஞ்சத்துல ரோட்டுல கெடந்த புள்ள. தாய் தகப்பன் தெரியாது. கஞ்சித் தொட்டிதான் தாய், தொட்டிதான் தகப்பன். நாப்பத்திரண்டு புள்ளைங்கள்ல பொழைச்ச கொஞ்ச பேர்ல அவரு ஒருத்தர். சாகாம இருந்ததுதான் அவர் செஞ்ச தப்பு. இதுல விக்கினம் இருக்குன்னு நெனைக்கிறவங்க இப்பவே எந்திரிச்சு நில்லுங்க. நானும் நிக்கறேன்."

யாரோ ஒருவர் குடை சரிந்து டமார் என்று விழுந்தது. முன்வரிசையில் பித்தளைத் தகடு நாற்காலி கிறீச்சிட்டது. துவால் தொரை பாதி எழுந்தார். பின்னால் திரும்பப் பார்த்தார். காலர் விடவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

சாமியார் பத்து எண்ணுகிற அளவு காத்திருந்தார். "விக்கினம் இல்லை" என்றார். பிறகு, போன வாரம் ஒரு பித்தளைப் பிடிக் குடை கிடைத்தது, உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அடுத்த அறிவிப்பை வாசித்தார்.

அந்த வாரம் பழைய புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லிச் சாமியாரிடம் வந்தவர்கள் ஏழு பேர். தயவு செய்து திறக்காமலே இருக்கட்டும் என்று சொல்ல வந்தவர்கள் பதினொரு பேர்.

கல்யாணத்தன்றும் மழை. பூசை முடிந்து சந்துக்குள் போட்ட பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்தது. பிரியாணி வாசனைக்கு மூக்கைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தவர்கள் முன்னால் இலைக்குப் பதில் ஒரு மண் கிண்ணம் வந்தது. சலேத்தம்மா அண்டாவோடு நின்றாள். அண்டாவில் ராகிக் கஞ்சி.

"இதென்னம்மா, துக்க வீடா?" என்றார் ஒரு கிழவர்.

"பொழைச்ச வீடு. முதல்ல ஆளுக்கு ஒரு கரண்டி கஞ்சி. அப்புறம்தான் கறிச்சோறு. குடிக்காதவங்களுக்கு ரெண்டும் கெடையாது."

கெம்பம்மா பரிமாறினாள். அவள் வீட்டு ராகி அது. காலையிலிருந்து கையால் துழாவிக் காய்ச்சியவளும் அவள்தான். நடுவில் காற்றடித்துப் பந்தல் கிழிந்து, அண்டாவுக்குள் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. "மூடு! எதையாவது கொண்டாந்து மூடு!" என்று சலேத்தம்மா கத்தினாள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த பெனெடிக்ட் எழுந்து வெளியே ஓடினான். அப்பா வீட்டிலிருந்து சீராக ஜட்காவில் வந்திறங்கியிருந்த சாமான்களில் தட்டையாக இருந்தது ஒன்றுதான். தூக்கிவந்து அண்டாமேல் கவிழ்த்தான்.

நூற்றைம்பது வருஷமாக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாள் பிடித்து நின்ற தளபதி, முதல் முறையாகக் கஞ்சிக்கு முகம் கொடுத்தார்.

பலகையை மறுபடி தூக்கியபோது ஆவியில் எனாமல் இளகி, மீசையில் ஒரு பக்கம் போயிருந்தது. பந்தல் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு சட்டென்று அறுந்தது. பந்தல் வாசலில் துவால் தொரை நின்றார். பூசைக்கு வந்தவர் சாப்பாட்டுக்கு வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கோட்டு நனைந்திருந்தது. தொப்பியிலிருந்து மழை சுற்றிலும் சொட்டியது.

அவர் பலகையைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. நகர்ந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று இருந்தார்கள்.

சலேத்தம்மாதான் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினாள். "வாங்க. கஞ்சி ஆறிப்போகுது."

"இதை ஏன் செய்தாய்?" என்றார் அவர். குரல் மெதுவாக இருந்தது.

"உங்களை அவமானப்படுத்த இல்ல. நான் யாருன்னு எம்மகளுக்குத் தெரியணும். நாளைக்கு அவ புள்ளைக்கு எவனாவது பலகை எழுதினா, வேர்ல என்ன எழுதணும்னு தெரியணும்."

அவர் கிண்ணத்தை வாங்கினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். அவர் தலை வழுக்கை என்பதே சூசையப்பர் கோயில் சனங்களில் பாதிப்பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நின்றபடியே குடித்தார். முதல் மடக்கு கஷ்டமாகப் போயிற்று. இரண்டாவது சுலபமாகப் போயிற்று. முடிந்ததும், பக்கத்திலிருந்த செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, விரலால் சுற்றி அலம்பி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டார். குடித்த பிறகுதான் தான் செய்தது அவருக்குத் தெரிந்தது. விரல் ஈரத்தை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"என் தகப்பனார்…" என்று ஆரம்பித்தார்.

"முப்பது" என்றாள் சலேத்தம்மா. அவர் ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அவர் தலையை ஆட்டினார்.

அவள் அடுப்படிக்குள் போய், பந்திக்கென்று உருட்டி வைத்திருந்த களி உருண்டையில் ஒன்றை எடுத்து, சுத்தமான துணித்துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். கருப்பு விரல்களின் தடம் வெள்ளைத் துணியில் பதிந்திருந்தது. கோட்டுப் பையில் வைத்தால் நசுங்கிவிடும். அவர் தொப்பியைத் திருப்பிப் பிடித்தார். அதற்குள் வைத்தாள்.

"தலையணைக்கு அடியில வெச்சுக்கங்க. எறும்பு வரும். திட்டினா திட்டட்டும்."

துவால் தொரை நிமிர்ந்தார். பந்தல் முழுக்கப் பார்க்கிறது என்பது ஞாபகம் வந்தது. செருமினார். காலரைச் சரிசெய்தார்.

"இது எங்கள் வம்சத்து வழக்கம்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"நம்ம வம்சத்து வழக்கம்" என்றாள் சலேத்தம்மா, அவரைவிடச் சத்தமாக. "கெம்பம்மா, கறிச்சோத்தை எறக்கு. அண்ணனுக்கு எலை போடு!"